விதைப்பையில் ஒரு பக்கம் காலி

விதை முறுக்கிக்கொள்ளும் நோயைப் பற்றிய முதல் மருத்துவக் குறிப்பாகப் பொதுவாகச் சொல்லப்படுவது, 1840-ல் டெலாசியோவ் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதியது. தாமதமாக இறங்கிய இடது விதையை நெரிபட்ட குடலிறக்கம் என்று எண்ணிவிட்டார்கள் என்பதுதான் அந்தக் குறிப்பின் தலைப்பே. ஆக, இந்த நோய் மருத்துவ உலகுக்கு அறிமுகமானதே இறங்காத விதை ஒன்றின் வழியாக, அதுவும் வேறொரு நோயாகக் கணிக்கப்பட்டுத்தான். அதற்குப் பின் நூற்றெண்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. மயக்க மருந்து வந்தது, ஸ்கேன் வந்தது, ரத்த ஓட்டத்தை வண்ணத்தில் காட்டும் டாப்ளரும் வந்தது. ஆனாலும் இறங்காத விதை முறுக்கிக்கொண்ட குழந்தைகளைப் பற்றிய மருத்துவத் தொகுப்புகளைப் புரட்டினால் அதே பிழை திரும்பத் திரும்ப வருகிறது. குழந்தை தாமதமாக வருகிறது, குடலிறக்கம் என்றோ நெறிகட்டு என்றோ முதலில் கருதப்படுகிறது, கடைசியில் விதையை எடுத்துவிட வேண்டியதாகிறது. 2013-ல் இந்திய மருத்துவர்கள் சிலர் குழந்தை மருத்துவத்துக்கான பிரிட்டிஷ் ஏடு ஒன்றில், இறங்காத விதை முறுக்கிக்கொள்ளும் ஆபத்தை நாம் குறைத்து மதிப்பிடுகிறோமா என்ற கேள்வியையே கட்டுரைத் தலைப்பாக வைத்தார்கள். கருவிகள் இவ்வளவு வளர்ந்தும் கணிப்பு தவறுகிறது என்றால் குறை கருவியில் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. இந்த நோயின் முதன்மையான அடையாளம், இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று இல்லாமல் போவது. அதைக் கண்டுபிடிக்க விரல்கள் போதும். ஆனால் அந்த இடத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் முதலில் வர வேண்டும்.

கருவில் விதைகள் விதைப்பைக்குள் தோன்றுவதில்லை. சிறுநீரகங்களுக்கு அருகில், வயிற்றின் பின்சுவரை ஒட்டித் தோன்றி, கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தொடையிடுக்குக் கால்வாய் வழியாகக் கீழே வந்து பையில் அமர்கின்றன. வழிகாட்டும் நாரிழை ஒன்று அவற்றைக் கீழே கொண்டுவருகிறது. 18-ஆம் நூற்றாண்டில் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர் அதற்குக் குபர்னாகுலம் என்று பெயர் வைத்தார். இந்தப் பயணம் சில குழந்தைகளுக்குப் பாதியில் நின்றுவிடுகிறது. நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு மூவர் அளவில் ஒரு விதையோ இரண்டுமோ இறங்காமல் பிறக்கிறார்கள். குறைமாதக் குழந்தைகளில் இது நூற்றுக்கு முப்பது வரை போகும். பலருக்கு முதல் சில மாதங்களில் தானாகவே இறங்கிவிடும். 1 வயதில் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான் மிஞ்சுவார்கள். 6 மாதத்துக்குப் பிறகு தானாக இறங்கும் வாய்ப்பு மிகக் குறைவு. இந்த 6 மாதம் என்ற கணக்கைப் பின்னால் திரும்பவும் எடுக்க வேண்டியிருக்கும்.

பையில் சரியாக அமர்ந்த விதை அதன் அடியில் பிடிமானத்தோடு இருக்கும். வழியில் நின்றுவிட்ட விதைக்கு அந்தப் பிடிமானம் கிடையாது. ரத்தக்குழாய்களும் நரம்புகளும் சேர்ந்த ஒரு கொடியில் அது தொங்கிக்கொண்டிருக்கிறது. சுற்றியிருக்கும் தசை சட்டென்று சுருங்கும்போது அது தன்னைத்தானே சுற்றிக்கொள்ள இடமுண்டு. கொடி முறுக்கிக்கொண்டால், ஈரத்துணியைப் பிழிவதுபோல, முதலில் மெல்லிய சுவருள்ள சிரைகள் நசுங்குகின்றன. உள்ளே போன ரத்தம் வெளியே வர வழியில்லாமல் விதை வீங்குகிறது. அந்த வீக்கமே பிறகு தமனியையும் அடைக்கிறது. 6 மணி நேரத்துக்குள் முறுக்கைப் பிரித்துவிட்டால் பத்தில் ஒன்பது விதைகளைக் காப்பாற்றலாம். 12 மணி நேரத்தைத் தாண்டினால் பாதிக்குப் பாதிதான் நம்பிக்கை. 24 மணி நேரம் கடந்தால் பத்தில் ஒன்று பிழைப்பதே அரிது. இந்தக் கணக்கெல்லாம் பெரும்பாலும் பையில் இருக்கும் விதைகளை வைத்துப் போடப்பட்டது. முறுக்கு எத்தனை சுற்று என்பதைப் பொறுத்து நேரம் கூடும், குறையும். இறங்காத விதைக்கு வேறு சலுகை எதுவும் இல்லை. அது இருக்கும் இடம்தான் வேறு. அதனால் மற்றவர்கள் கண்ணில் படுவதும் தாமதமாகிறது.

மீனாட்சிபுரத்தை வைத்து இதை யோசித்துப் பார்க்கலாம். பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுகாவில், பொள்ளாச்சிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் முன்பாக, மாநில எல்லையை ஒட்டி இருக்கும் தமிழ் பேசும் ஊர் அது. அங்கே எட்டு மாதக் கைக்குழந்தை ஒன்று இரவில் விடாமல் அழுகிறது, பால் குடிக்க மறுக்கிறது, ஒன்றிரண்டு முறை வாந்தி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் பெரியவர்கள் என்ன சொல்வார்கள் என்று இந்தப் பக்கத்தில் வளர்ந்த எவருக்கும் தெரியும். உரம் விழுந்திருக்கும், போர்வையில் போட்டு உருட்டி எடுக்க வேண்டும் என்பார்கள். குடலேற்றம் என்று எண்ணெய் தடவி வயிற்றை நீவுவார்கள். சூட்டு வலி என்று தொப்புளில் விளக்கெண்ணெய் வைப்பார்கள். துணி மாற்றும்போது தொடையிடுக்கில் ஒரு கட்டி தட்டுப்பட்டால், நெறி கட்டியிருக்கிறது, காலில் எங்கேயாவது புண் இருக்கிறதா பார் என்று பேச்சு போகும். இவற்றில் எதையும் நான் குறைத்துப் பேசவில்லை. அழும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் மறுநாள் காலையில் சிரித்துவிடுகிறார்கள், அந்த அனுபவத்திலிருந்துதான் இந்தக் கைவைத்தியங்கள் வந்திருக்கின்றன. இறங்காத விதை முறுக்கிக்கொண்ட குழந்தை மட்டும் மறுநாள் காலைக்குள் அதை இழந்திருக்கும். இரண்டு குழந்தைகளின் அழுகையிலும் வித்தியாசம் தெரியாது. வித்தியாசத்தை ஜட்டியைக் கழற்றிப் பார்த்தால்தான் காண முடியும்: ஒரு பக்கம் பை சுருங்கிக் காலியாக இருக்கிறது, அதே பக்கத் தொடையிடுக்கில் தொட்டாலே துள்ளும் கெட்டியான கட்டி இருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்திருந்தால், வேறொன்று என்று உறுதியாகத் தெரியும் வரை அதை முறுக்கிய விதை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

மருத்துவமனைக்குப் போன பிறகும் பிழை நேர்வதற்கு நியாயமான காரணம் உண்டு. குழந்தையின் தொடையிடுக்கில் வலியோடு ஒரு கட்டி என்றால் மருத்துவரின் மனத்தில் முதலில் வருவது குடலிறக்கம். வரவும் வேண்டும், அதுதான் அதிகம் காணப்படுவது. அதிலும் விதை இறங்கிய பாதை மூடாமல் இருப்பதே குழந்தைகளின் குடலிறக்கத்துக்குக் காரணம் என்பதால், இறங்காத விதையும் குடலிறக்கமும் ஒரே குழந்தையிடம் சேர்ந்திருப்பது சாதாரணம். பிரித்தறிய உதவும் குறிப்புகள் சில இருக்கின்றன. குடல் மாட்டிக்கொண்டால் வயிறு உப்பும், பச்சையாக வாந்தி வரும், மலமும் காற்றும் நின்றுபோகும். விதை முறுக்கில் வாந்தி வந்தாலும் வயிறு பெரும்பாலும் மென்மையாகவே இருக்கும். நெறிகட்டு என்றால் காய்ச்சலோ, காலில் புண்ணோ சேர்ந்து வருவது வழக்கம். பையில் இரு விதைகளும் இருக்கும். ஆனால் எல்லாக் குறிப்புகளையும்விட எளிதானது, கட்டி இருக்கும் பக்கத்துப் பையில் விதை இருக்கிறதா என்று பார்ப்பதுதான். இதைப் பார்க்காமல் குடலிறக்கம் என்று முடிவுகட்டி, தூக்க மருந்து கொடுத்துக் கட்டியை உள்ளே தள்ள முயன்றால், தள்ளப்படுவது ஏற்கெனவே ரத்தமின்றித் தவிக்கும் விதையாக இருக்கக்கூடும், மணிநேரங்களும் போய்விடும். விதை வயிற்றுக்குள்ளேயே நின்றுவிட்டிருந்தால் கட்டியும் தட்டுப்படாது, வயிற்று வலி மட்டுமே இருக்கும். வலது பக்கமானால் அது அச்சாகக் குடல்வால் அழற்சியாகத் தெரியும். அந்தச் சிறுவனைப் பொறுத்தவரை காலிப் பை ஒன்றுதான் வெளியே தெரியும் தடயம்.

கருவிகளும் மதிப்பெண் முறைகளும் இங்கே ஏன் கைவிடுகின்றன என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். 2013-ல் பிரேசில் மருத்துவர்கள் ட்விஸ்ட் என்ற மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள். விதை வீங்கியிருந்தால் 2, கெட்டியாக இருந்தால் 2, தொடையின் உட்பக்கத்தை வருடும்போது விதை மேலேறும் அனிச்சை இல்லாவிட்டால் 1, குமட்டலோ வாந்தியோ இருந்தால் 1, விதை பையில் வழக்கத்தைவிட மேலே நின்றால் 1, மொத்தம் 7. அவசரப் பிரிவுகளில் நன்றாகப் பயன்படும் முறை இது. ஆனால் ஐந்து குறிகளில் நான்கு, விதை பையில் இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. மேலே நிற்பது என்ற குறி இறங்காத விதைக்கு எப்போதும் உண்மை. எனவே அதனால் எதையும் பிரித்தறிய முடியாது. அனிச்சையும் அப்படித்தான்: சிறு குழந்தைகளிடம் இயல்பிலேயே பல நேரம் இருக்காது, இறங்காத பக்கத்தில் சோதிக்கவும் வழியில்லை. டாப்ளர் ஸ்கேன் பையில் இருக்கும் வளர்ந்த சிறுவனின் விதைக்கு மிக நல்ல சோதனை. கைக்குழந்தையின் விதையோ 1, 2 மில்லிலிட்டர் அளவுதான்; நலமாக இருக்கும்போதே அதில் ஓடும் ரத்தம் அவ்வளவு குறைவு, திரையில் தெரியாமல் போகலாம். அது தொடையிடுக்கில் கொழுப்புக்கு அடியில் கிடந்து, குழந்தையும் துடித்துக்கொண்டிருந்தால் இன்னும் கடினம். பாதி முறுக்கிய நிலையில் தமனியில் கொஞ்சம் ஓட்டம் தெரிந்து, பயமில்லை என்று பொய்யான ஆறுதல் கிடைக்கவும் கூடும். கொடி சுழன்றிருப்பதை ஸ்கேனிலேயே நேராகக் காணும் தேர்ந்த கைகள் இருக்கின்றன. அப்படி ஒருவர் அதே கட்டடத்தில், அதே நேரத்தில் இருந்தால் பார்க்கச் சொல்லலாம். காலையில் ஸ்கேன் அறை திறக்கட்டும் என்று காத்திருப்பதை மட்டும் எந்த வாதத்தாலும் சரியென்று சொல்ல முடியாது.

அப்படியானால் உறுதியாகத் தெரியாமலே குழந்தையை அறுவை மேசையில் கிடத்துவதா என்று கேட்பார்கள். சரியான கேள்வி. கைக்குழந்தைக்கு மயக்க மருந்து கொடுப்பது சின்ன விஷயமில்லை. ஆனால் இந்த ஒரு சூழ்நிலையில் கணக்கு மிகத் தெளிவாக இருக்கிறது. பை காலி, தொடையிடுக்கில் உள்ளே தள்ள முடியாத வலிக்கும் கட்டி என்றால், திறந்து பார்த்தால் கிடைக்கக்கூடியவை முக்கியமாக இரண்டு. ஒன்று, முறுக்கிய விதை. அதற்கு அறுவை வேண்டும். மற்றொன்று, நெரிபட்ட குடலிறக்கம். அதற்கும் அறுவை வேண்டும், அதே இடத்தில், அதே கீறலில். அரிதாக இரண்டும் இல்லாமல் நெறிகட்டு மட்டும்தான் என்று தெரிந்தால்கூட, இறங்காத விதையை இறக்கிப் பையில் தைக்கும் அறுவை அந்தக் குழந்தைக்கு எப்படியும் ஒருநாள் செய்யப்பட வேண்டியதே. வேறு வயிற்று வலிகளில், தேவையில்லாமல் அறுத்துவிட்டோமோ என்ற வருத்தத்துக்கு இடமுண்டு. இங்கே அந்தப் பக்கத் தட்டில் வைக்க அநேகமாக எதுவுமே இல்லை. அதனால்தான் திறந்து பார்ப்பதையே இந்த நோயின் கடைசிச் சோதனையாகவும் முதல் சிகிச்சையாகவும் கொள்ள வேண்டும் என்கிறேன்.

இனி எல்லைப்புற ஊரின் நேரக் கணக்கு. மீனாட்சிபுரத்திலிருந்து பொள்ளாச்சி அரசு மருத்துவமனை பக்கம். சித்தூர் தாலுகா மருத்துவமனைக்கும் பாலக்காட்டுக்கும் போகலாம். ஆனால் கைக்குழந்தைக்கு இரவு நேரத்தில் மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்யத் தேவையான ஆட்கள் பெரிய மருத்துவமனைகளில்தான் கூடி இருப்பார்கள். பொள்ளாச்சியிலிருந்து இன்னும் நாற்பது கிலோமீட்டர் போனால் கோவை. கேரளப் பக்கம் என்றால் பாலக்காட்டையும் தாண்டித் திருச்சூர் வரை போக வேண்டி வரலாம். சாலை நேரம் மட்டும் என்றால் 6 மணி நேரத்துக்குள் இது தாராளமாக அடங்கும். நேரத்தைத் தின்பது இடையில் ஏறி இறங்கும் படிகள்: முதலில் ஒரு கிளினிக், பிறகு ஒரு மருத்துவமனை, அங்கே கவனிப்பில் ஓர் இரவு, பிறகு ஸ்கேன், பிறகு பரிந்துரைக் கடிதம். பரம்பிக்குளத்துப் பழங்குடிக் குடியிருப்புகளுக்கு நிலைமை இன்னும் கடினம். இடம் பாலக்காடு மாவட்டம்தான். ஆனால் பேருந்து வரும் சாலை டாப்ஸ்லிப், சேத்துமடை வழியாகத் தமிழ்நாட்டுக்குள் இறங்கித்தான் வெளியே வருகிறது. இடுக்கித் தோட்டங்களின் லயங்களில் இருந்து போடிமெட்டு வழியாகத் தேனிக்கு இறங்கும் குடும்பங்களுக்கும் இதே மலைப்பாதைக் கணக்குதான். இப்படிப்பட்ட இடங்களில், முதலில் பார்க்கும் மருத்துவரோ செவிலியரோ ‘வலது பக்கப் பை காலி, வலது தொடையிடுக்கில் வலிக்கும் கட்டி, அழுகை தொடங்கியது இரவு 10 மணி’ என்று ஒரே வரி எழுதி, குழந்தை அறுவை மருத்துவர் இருக்கும் இடத்துக்குப் போனில் சொல்லிவிட்டு நேராக அனுப்பினால், நடுவில் இருக்கும் படிகள் எல்லாம் கழன்றுவிடும். குடும்ப அட்டை எந்த மாநிலத்தது என்று பார்க்கும் வேளை அதுவல்ல. எங்கே உடனே அறுவை செய்வார்கள் என்பது ஒன்றே கேள்வி. அறுவை முடிவாகும் வரை பால் கொடுக்க வேண்டாம் என்று தாயிடம் சொல்லி அனுப்பினால் மயக்க மருந்துக்கான காத்திருப்பும் குறையும்.

இவ்வளவும் வலி வந்த இரவைப் பற்றியது. உண்மையில் கணிப்பு அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் நூற்றுக்கு 99.8 பிரசவங்களும், தமிழ்நாட்டில் 99.6 பிரசவங்களும் மருத்துவமனையில் நடக்கின்றன. அதாவது, எல்லையின் இரு பக்கமும், அநேகமாக ஒவ்வோர் ஆண் குழந்தையும் பிறந்த அன்றே பயிற்சி பெற்ற ஒருவர் கையில் இருக்கிறது. பிறகு 42 நாளுக்குள் ஆஷா பணியாளர் ஆறு முறை வீட்டுக்கு வர வேண்டும் என்று திட்டம் சொல்கிறது. 6, 10, 14 வாரங்களில் தடுப்பூசி, 9 மாதத்தில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி. இவ்வளவு சந்திப்புகளில் ஒன்றில்கூடப் பை காலியாக இருந்தது தாய்க்குச் சொல்லப்படாமல் போவது எப்படி? காரணங்களில் ஒன்று எழுத்திலேயே இருக்கிறது. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே. பிறவிக் குறைகளுக்கென்று ஒன்பது பெயர் கொண்ட பட்டியல் வைத்திருக்கிறது. பிளவுபட்ட உதடு, வளைந்த பாதம், பிறவி இதயக் கோளாறு எல்லாம் அதில் உண்டு. இறங்காத விதை இல்லை. ஆண் குழந்தைகளின் மிகச் சாதாரணமான பிறவிக் குறைகளில் ஒன்று, சோதிக்கச் செலவே இல்லாதது, அந்தப் பட்டியலில் இடம்பெறாதது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. 14-ஆம் வார ஊசியின்போது பார்த்து எழுதி, 9-ஆம் மாத ஊசிக்கும் இறங்கவில்லை என்றால் தயங்காமல் அனுப்பினாலே போதும். இடையில் 6 மாதத்தில் ஒருமுறை பார்த்தால் இன்னும் நல்லது. அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் 2014-ல் வகுத்த வழிமுறை இதைவிடக் கறாரானது: 6 மாதத்துக்குள் இறங்காவிட்டால் அறுவை மருத்துவரிடம் அனுப்பு, அடுத்த ஓராண்டுக்குள் அறுவையை முடி, அனுப்பும் முன் ஸ்கேன் எடுத்து நாளைக் கடத்தாதே. முன்கூட்டியே இறக்கித் தைத்த விதை பிறகு முறுக்கிக்கொள்வது அரிது.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும். முதலாவது, பை காலியாகத் தெரியும் சிறுவர்களில் பலருக்கு விதை உண்மையில் இறங்கியே இருக்கிறது, குளிரிலும் கூச்சத்திலும் மேலே ஏறிக்கொள்கிறது. ஊரெல்லாம் பார்க்கச் சொன்னால் வீண் பயம்தான் மிஞ்சும் என்பது. ஏறி இறங்கும் விதையைப் பிரித்தறிய எளிய வழி இருக்கிறது. கையை வெதுவெதுப்பாக்கிக்கொண்டு, குழந்தையைச் சம்மணமிட்டு உட்காரவைத்து, இடுப்பிலிருந்து கீழ்நோக்கி மெல்ல நீவிக்கொண்டு வந்தால் அது பைக்குள் வந்துவிடும், விட்ட பிறகும் சற்று நேரம் அங்கேயே நிற்கும். உண்மையில் இறங்காதது வராது. வந்தாலும் விட்டவுடன் மேலே போய்விடும். தாய்மார்கள் வெந்நீரில் குளிப்பாட்டும்போது இரண்டையும் பார்த்திருக்கிறார்களா என்று கேட்டாலே பாதிச் சந்தேகம் தீரும். இரண்டாவது மறுப்பு, இறங்காத விதை முறுக்கிக்கொள்வது அரிதானது, அதற்காக இவ்வளவு பேரைச் சோதிப்பதா என்பது. அரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் காலிப் பையைக் கண்டுபிடிப்பதால் கிடைப்பது முறுக்கிலிருந்து தப்புவது மட்டுமல்ல. உடலின் உள்வெப்பத்தில் மாட்டிக்கொண்ட விதையில் விந்தணு உண்டாக்கும் செல்கள் முதல் வயதிலிருந்தே குறையத் தொடங்குகின்றன. புற்றுநோய் ஆபத்தும் கூடுகிறது. சுவீடனில் சுமார் 17,000 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 2007-ல் வெளியான ஆய்வில், 13 வயதுக்கு முன் அறுவை செய்துகொண்டவர்களுக்கு விதைப் புற்று ஆபத்து பொது மக்களைவிட இரண்டு மடங்குக்குச் சற்று அதிகமாகவும், அதற்குப் பிறகு செய்துகொண்டவர்களுக்கு ஐந்து மடங்குக்கு மேலாகவும் இருந்தது. ஒரே சோதனை மூன்று பயன்களைத் தரும்போது அதில் ஒன்று அரிது என்பதைக் காரணம் காட்டி விடுவது நியாயமில்லை.

தனியாகச் சொல்ல வேண்டிய குழந்தைகளும் இருக்கிறார்கள். மூளை வாதத்தால் தசைகள் இறுகிய சிறுவர்களிடம் இறங்காத விதையும் அதிகம், அது முறுக்கிக்கொள்வதும் அதிகம் என்று மருத்துவர்கள் 1970-களிலிருந்தே எழுதி வந்திருக்கிறார்கள். அவர்களில் பலரால் எங்கே வலிக்கிறது என்று சொல்ல முடியாது. வழக்கத்துக்கு மாறான எரிச்சல், சாப்பிட மறுப்பது, காலை மடக்கிக்கொண்டு நீட்ட விடாமல் தடுப்பது என்றுதான் அது வெளிப்படும். பராமரிப்பவர்கள் பல்லையும் காதையும் பார்ப்பார்கள், மலச்சிக்கலா என்று கேட்பார்கள். தொடையிடுக்கு கடைசியாகத்தான் நினைவுக்கு வரும். சிறப்புப் பள்ளிகளிலும் உடலியக்கப் பயிற்சி மையங்களிலும் இந்த ஒரு செய்தி எட்டினாலே சில விதைகள் தப்பும்.

தாமதமாகிவிட்டது, 24 மணி நேரம் கடந்துவிட்டது, இனி அறுத்து என்ன பயன் என்று கைவிடுவதும் சரியில்லை. பேச முடியாத குழந்தையின் வலி எப்போது தொடங்கியது என்பது பெற்றோரின் ஊகம்தான். முறுக்கு இடையிடையே தளர்ந்து மீண்டும் இறுகியிருக்கலாம். திறந்து, முறுக்கைப் பிரித்து, வெதுவெதுப்பான ஈரத்துணியால் மூடிச் சிறிது நேரம் பார்த்த பிறகே அறுவை மருத்துவர் அதை வைப்பதா எடுப்பதா என்று முடிவு செய்கிறார். நிறம் திரும்பினால் பையில் இறக்கித் தைப்பார். திரும்பாவிட்டால் எடுத்துவிடுவார். மற்றொரு பக்க விதையையும் அசையாதபடி தைத்துவைப்பது பெரும்பாலான மருத்துவர்களின் வழக்கம், ஏனென்றால் இனி அது ஒன்றுதான். ஒரு நலமான விதை இருந்தால் பருவமடையத் தேவையான ஹார்மோனுக்கும், பெரும்பாலும் பிள்ளைப் பேற்றுக்கும் குறைவிருக்காது. இதைப் பெற்றோரிடம் அன்றே தெளிவாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கவலையை அவர்கள் வருடக்கணக்கில் யாரிடமும் கேட்காமல் சுமப்பார்கள். சிகிச்சைக் குறிப்பைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்ல வேண்டும். பையன் 12, 13 வயதை எட்டும்போது அவனிடமே நடந்ததைச் சொல்லி, மாதம் ஒருமுறை குளிக்கும்போது தானே தொட்டுப் பார்த்துக்கொள்ளவும், திடீர் வலி வந்தால் கூச்சப்படாமல் அந்த நிமிடமே வீட்டில் சொல்லவும் கற்றுத்தர வேண்டும்.